விழாத தடி

எங்கள் வயதுக்காரருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களில், கிடுகு வேய்ந்த பள்ளிக்கூடங்களில், மழை வந்தால் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு படித்தவர்களுக்காக. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதலாமோ கூடாதோ என்று பல நாள் யோசித்தேன். இதனால் இனி யாருக்காவது ஏதும் வந்துவிடுமோ என்று பயந்து இரண்டு முறை எழுதிக் கிழித்தும் போட்டேன்.

போன மாதம் மகள் வேலையால் வந்து, கைப்பையைக் கதிரையில் எறிந்துவிட்டுச் சினந்தாள்.

“அம்மா, விளையாட்டுப் போட்டிக்கு என்னை உயரம் பாய்தலுக்குப் பொறுப்பாப் போட்டிருக்கினம். நான் கணக்கு ரீச்சர். எனக்கென்ன தெரியும்?”

நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். செதில் ஒட்டிய கையோடு நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். முதல் நாளே தடி வைக்காதே, கயிறு பிடி. கயிற்றையும் இரண்டு பக்கமும் கட்டாதே, ஒரு முனையைப் பிள்ளை ஒன்றின் கையில் கொடு, கால் பட்டால் விட்டுவிடச் சொல். குழி மண்ணைக் கொத்திப் புரட்டு, கையை விட்டால் முழங்கை வரை இறங்க வேண்டும். ஓடி வரும் பாதையில் கல் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா பார். களைத்த பிள்ளையைப் பாய விடாதே. பயந்த பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் பாயச் சொல்லாதே.

மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். “உங்களுக்கு ஆரம்மா இதெல்லாம் சொல்லித் தந்தது?”

“ஒரு வாத்தியார்.”

“அப்ப நீங்கள் பாய்ஞ்சனீங்களோ?”

“இல்லை” என்றேன். பிறகு மீனுக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டாம் தரமும் போட்டுவிட்டேன். மகளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் முடிந்து இரண்டு மூன்று வருடம் கழிந்திருக்கும். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக் காணியும் கிடைத்து, காடு வெட்டிக் குடியேறியவர். பள்ளிக்கூடத்துப் பெற்றார் ஆசிரியர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கிணறு வெட்டியதிலும் கிடுகு ஏற்றியதிலும் அவர் கை இருந்தது. பள்ளிக்கூடம் தன்னுடையது என்றே நினைத்தார். அது முழுப்பிழையும் இல்லை.

அதுவரைக்கும் எங்களுக்கு உடற்பயிற்சிப் பாடம் என்றால் புல்லுப் பிடுங்குவது. அல்லது பெரிய வாத்தியாரின் கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. அந்த வருடம் சித்திரை விடுமுறை முடிந்து போனபோது, உடற்பயிற்சிக்கென்றே ஒரு வாத்தியார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தார். மெலிந்த மனிதர். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். பச்சை நிறக் கன்வஸ் சப்பாத்து, கழுத்தில் கறுத்த நூலில் ஒரு விசில். பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து, பின்னால் ஒரு சாக்கில் எதையோ கட்டிக்கொண்டு வந்தார். உடுப்பாக்கும் என்று பார்த்தோம். கயிறு.

“சேர், மாடு கட்டவோ?” என்று பெடியன் ஒருவன் கேட்டான்.

“ஓம். நீதான் முதல் மாடு. வா” என்றார்.

அவர் பாய்வதற்கு முன் விழப் பழக்கினார். அது எங்களுக்கு விசராகத் தெரிந்தது. ஒரு கிழமை முழுவதும் வைக்கோல் மேல் விழுந்தோம். முழங்கால் மடிந்து, இரண்டு பாதமும் ஊன்றி, கையை முன்னுக்கு நீட்டாமல். கையை ஊன்றி விழுந்தவர்களை எழுப்பித் திரும்ப விழச் சொன்னார். வயலால் போனவர்கள் நின்று சிரித்தார்கள். “வாத்தியார் பிள்ளையளை விழுத்தச் சம்பளம் எடுக்கிறார்” என்று கடையடியில் கதை.

தன் தாழ்ந்த தோளைத் தொட்டுக் காட்டிச் சொல்வார்: “நான் உங்கடை வயசிலை காய்ஞ்ச மண்ணிலை விழுந்தனான். காறை எலும்பு ரெண்டாப் போச்சு. ஏன் விழுந்தனான் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. ஏன் பாய்ஞ்சனி எண்டு அடிதான் விழுந்தது.”

பிறகு தடி வந்தது. காய்ந்த மூங்கில், கையில் எடுத்தால் பாரமே தெரியாது. அதை வைக்கும் கம்பங்களை அப்பா செய்து கொடுத்தார். காட்டில் இருந்து கொண்டுவந்த பாலை மரம். வரிசையாகத் துளை போட்டு, துளைக்குள் செருக இரண்டு முளை சீவினார். பெருவிரல் நீளம், குழிப் பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் தடி சும்மா கிடக்கும். நல்ல வேலை. வாத்தியார் கையால் தடவிப் பார்த்து, “ஐயா, இது யாழ்ப்பாணத்திலையும் இல்லை” என்றார். அப்பா இரண்டு நாள் அதைச் சொல்லித் திரிந்தார்.

அந்தத் தடியைப் பற்றி வாத்தியார் சொன்னது எனக்கு எழுத்தெழுத்தாக ஞாபகம் இருக்கிறது.

“பிள்ளையள், தடி விழுறதுக்குத்தான் வைக்கிறது. நீங்கள் பிழை விட்டால் அது விழவேணும். அது விழாட்டி நீங்கள் விழுவியள்.”

“பிழை விடாட்டி, சேர்?”

“பிழை விடாத ஆக்கள் வீட்டை போகலாம். அவைக்கு வாத்தியார் தேவையில்லை.”

நான் பாயவில்லை. பாடம் என்றால் எனக்கு வயிறு வலிக்கும். உண்மையாகவே வலிக்கும். தடி கழுத்தில் விழும், முளை கண்ணில் குத்தும், குழிக்குள் பாம்பு கிடக்கும் என்று படுக்கையிலேயே ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருப்பேன். வாத்தியார் அடிக்கவில்லை. கயிற்றைத் தரையில் கிடத்தி, “இதைத் தாண்டு” என்றார். தாண்டினேன். அடுத்த கிழமை கணுக்கால் உயரம். அவ்வளவுதான் என் உயரம். “பயம் நல்லது. நீ கம்பத்தடியிலை நிண்டு தடியைப் பார்” என்று விட்டுவிட்டார்.

எங்கள் வகுப்பில் பாய்ந்தவள் ஒருத்திதான். மற்றவர்கள் தாண்டினார்கள். அவள் பாய்ந்தாள்.

அவளுடைய ஆட்கள் மலைநாட்டில் இருந்து வந்தவர்கள். அந்தக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைக் கொளுத்திவிட, உடுத்த துணியோடு லொறி ஏறி வன்னிக்கு வந்து சேர்ந்தவர்கள். எங்கள் மேட்டுக் காணியின் முடிவில், பற்றைக் காட்டோரம், அப்பா காட்டிய இடத்தில் ஒரு குடிசை போட்டிருந்தார்கள். தகப்பன் வந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். தாய் எங்கள் வயலில் களை பிடுங்குவார், நாற்று நடுவார். பள்ளிக்கூடத்தில் அவள் என்னை ‘நீ’ என்பாள். எங்கள் வளவுக்குள் வந்தால் ‘நீங்க’ என்பாள். படலையைத் தாண்டும்போது அவள் வாயில் அது தானாக மாறும். அதில் ஏதும் இருப்பதாக அந்த நாளில் நான் நினைக்கவில்லை.

என்னைவிட இரண்டு வயது கூடியவள், பிந்திச் சேர்ந்ததால் என் வகுப்பு. நீண்ட கால். காலில் தேயிலைக் கவ்வாத்துக் கத்தி வெட்டிய பழைய தழும்பு. பக்கவாட்டில் எட்டு அடி வைத்து ஓடி வந்து, ஒரு காலை வீசி, மற்றதைப் பின்னால் வீசி, கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல் போய், பாதம் ஊன்றி நிற்பாள். நின்றதும் திரும்பித் தடியைப் பார்ப்பாள்.

“தோட்டக்காட்டாள் வேலி பாய்ஞ்சு பழகினவள்” என்று ஒருத்தி சொன்னாள், எல்லாருக்கும் கேட்க.

“ஆமா. ஒங்க வேலி ரொம்பப் பள்ளம்” என்றாள் அவள். வாத்தியாரே சிரித்துவிட்டார்.

வட்டாரப் போட்டிக்கு அவளைக் கொண்டுபோவதாக வாத்தியார் சொன்னார். அதில் வென்றால் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஏதாவது விடுதியோடு எடுக்கலாம் என்றும் சொன்னார். அவள் தாய்க்கு அதை நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை. களை பிடுங்கிக்கொண்டே என் அம்மாவிடம் கேட்டார்: “ஏம்மா, குதிச்சா படிக்க வைப்பாங்களா?”

“வாத்தியார் சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்றார் அம்மா.

இனி, சட்டைக் கதை. நாங்கள் எல்லாரும் பாவாடைதான். வாத்தியார் பெண்பிள்ளைகளுக்கு அரைக் காற்சட்டை தைக்க வேண்டும் என்று பெரிய வாத்தியாருக்கு எழுதிக் கொடுத்தார். பாவாடை தடியில் மாட்டும், ஆபத்து என்றார். அதற்கு ஒரு கூட்டம் நடந்தது. கூட்டத்துக்கு வந்த அவ்வளவு பேர் கிணறு வெட்டவும் வரவில்லை.

“காற்சட்டையோ? குமர்ப்பிள்ளையளுக்கோ?”

“வாத்தியாருக்கு என்ன, இண்டைக்கு இருப்பார் நாளைக்கு மாறிப் போவார். எங்கடை பிள்ளையளை ஆர் கட்டுறது?”

அப்பா எழுந்து சமாதானம் செய்தார். காற்சட்டை வேண்டாம், பாவாடையைக் காலுக்கிடையில் எடுத்து ஊசி குத்தலாம். பெண்பிள்ளைகள் பாய்வதைப் பெடியள் பார்க்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனிக் குழி வெட்டலாம். போட்டியன்று அங்கே ஆண்கள் ஒருத்தரும் நிற்கக்கூடாது, தையல் ரீச்சர் பார்த்துக்கொள்வார். எல்லாரும் சரி என்றார்கள். வாத்தியார் கையை உயர்த்தினார்.

“ஐயா, நானும் நிக்கக்கூடாதோ?”

“நீரும் ஆம்பிளைதானே, மாஸ்ரர்” என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது. வாத்தியாரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

தையல் ரீச்சர் நல்ல மனுசி. பூப்போட்ட குடையும் ஊசிப் பெட்டியுமாக வருவார். எங்களுக்குக் காஜா எடுக்கச் சொல்லித் தந்தவர். உயரம் பாய்தல் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தடி விழுந்தால் பிழை, விழாவிட்டால் சரி.

புதுக் குழி பள்ளிக்கூடத்தின் பின்புறம், தெற்குப் பக்கம். அங்கே மறைப்பு இல்லை. ஆனி பிறந்ததும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. அந்தக் காற்றை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வயல் வரப்பில் நடந்தால் பாவாடை காலைச் சுற்றி விழுத்தும், சோற்றுக்குள் மண் கடிபடும். முளையில் சும்மா கிடக்கும் மூங்கில் தடி அதற்கு முன்னால் எந்த மூலைக்கு? வைப்பதும் விழுவதுமாக இருந்தது. பாய வருகிறவள் பாதி ஓட்டத்தில் நிற்பாள், நான் எடுத்து வைப்பேன், திரும்ப விழும். ஒருமுறை விழுந்த தடியின் முனை என் நெற்றியில் கீறி இரத்தம் வந்தது. வாத்தியார் பார்த்துவிட்டு, காற்று விழும் விடியப்புறத்தில் பழகுவோம் என்றார். போட்டியையும் காலையிலேயே முடிக்கும்படி பெரிய வாத்தியாரிடம் கேட்டார். ஆனால் வட்டாரக் கல்வி அதிகாரி பத்து மணிக்குத்தான் வருவார், அவர் வராமல் தொடங்க முடியாது.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா நெற்றிக்கு மஞ்சள் பூசினார். அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் அழுகிறாய்?”

“நாளைக்கும் தடி விழும், அப்பா. பாயேக்கை ஆரின்ரையாவது கண்ணிலை குத்தும். எனக்குப் பயமாக் கிடக்கு. விழாமல் ஏதும் செய்யுங்கோவன்.”

நான் சொன்ன சொல் இதுதான். இதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா யோசித்தார். அதிகாரிக்கு முன்னால், தான் செய்த கம்பத்தில் இருந்து தடி சும்மா சும்மா விழுந்தால் நன்றாக இருக்காது என்றும் யோசித்திருப்பார். சுத்தியலை எடுத்தார், ஆணி போட்ட தகரப் பேணியைக் கிலுக்கினார். பள்ளிக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். முளை இரண்டிலும், நுனியில், இரண்டு அங்குல ஆணி ஒவ்வொன்று நிமிர்த்தி அடித்தார். இப்போது தடி கம்பத்துக்கும் ஆணிக்கும் இடையில் போய் இருந்தது. அப்பா கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“இனிப் பயமில்லைத்தானே?”

“இல்லை” என்றேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

விடிய வாத்தியார் பின் குழிக்கு வந்தாராம். மண்ணைக் கொத்திப் புரட்டி, வைக்கோல் பரப்பி, முள்ளுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். தடியும் முளையும் பெரிய வாத்தியாரின் கந்தோர் அறையில் இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

பெண்களின் பாய்ச்சல் பதினொரு மணிக்குத் தொடங்கியது. காற்று இரைந்தது. தையல் ரீச்சரின் குடை இரண்டு முறை மடங்கியது. தடி மட்டும் விழவே இல்லை. கம்பத்தடியில் நின்ற எனக்குப் பெரிய ஆறுதல். தாய்மார் சாக்கு விரித்து இருந்தார்கள். அவளுடைய தாயும் வந்து, அவர்களுக்குப் பின்னால் தனியே குந்தி இருந்தார். அன்று வயலுக்குப் போகவில்லை.

இரண்டாவது உயரத்தில் ஒருத்தியின் முழங்கால் தடியில் அடித்தது. தடி வளைந்து நிமிர்ந்தது. அவள் தடக்கி விழுந்து, உரஞ்சிய காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அவள் தட்டினவள், ரீச்சர்.”

“தடி விழேல்லைத்தானே? அப்ப சரி. அடுத்த ஆள்!”

வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. வாய் திறக்கவில்லை. ரீச்சர் பெரியவர், அடித்தது அப்பா, கேட்டது நான்.

கடைசியில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். தடி என் கழுத்தளவு. அவள் தன் பாவாடையில் இன்னொரு ஊசி குத்தினாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“கெட்டியா நிக்குதே இன்னைக்கு. ஒன் மந்திரமா?”

நான் சிரித்தேன்.

எட்டு அடி ஓடி வந்தாள். முதல் கால் போயிற்று. பின்கால் பாதம் தடியில் மாட்டியது. ஊசி குத்திய பாவாடையும் சேர்ந்து மாட்டியதா என்று சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தடி விழவில்லை. கால் அங்கே நிற்க, உடம்பு மட்டும் முன்னால் போய்க் கவிழ்ந்தது. தலைதான் முதலில் குழிக்குள் போனது. வைக்கோல் இருந்தது, மண்ணும் பஞ்சு மாதிரித்தான் இருந்தது. முழு உடம்பும் கழுத்தின் மேல் வந்து விழுந்தால் வைக்கோல் என்ன செய்யும்? பச்சைத் தடி முறியும் சத்தம் ஒன்று கேட்டது. மூங்கிலைப் பார்த்தேன். மூங்கில் முறியவில்லை.

பாவாடை முழங்காலுக்கு மேல் கிடந்தது. எல்லாரும் முதலில் இழுத்துவிட்டது அதைத்தான். பிறகு கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி இருத்தினார்கள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒருவர் அதை நிமிர்த்திப் பிடித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்து வாயில் விட்டார். தாய், “சாமி, சாமி” என்று கத்திக்கொண்டு ஆட்களுக்குள் நுழையப் பார்த்தார்.

வாத்தியார் ஓட்டப் பாதையில் இருந்து ஓடி வந்தார். விசில் வாய்க்குள் கிடந்தது, அதையும் ஊதிக்கொண்டு வந்தார். “தூக்காதேங்கோ! அப்பிடியே கிடக்க விடுங்கோ! கழுத்து, கழுத்து!”

பள்ளிக்கூட மூலையில் அப்பா மறித்தார். “நீர் அங்காலை நில்லும். பொம்பிளைப் பிள்ளை, சட்டை விலகிக் கிடக்குது.”

“ஐயா, கும்பிட்டுக் கேக்கிறன், இருத்த வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஒரு பலகை எடுங்கோ.”

“பதறாதேயும். பொம்பிளையள் பாக்கினம்தானே.”

அவர் அப்பாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவளை உழவு மெசினின் இழுவைப் பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் குழியடியில் நின்று முளையைப் பார்த்தார். ஆணியைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஓடிவிட்டேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உயிர் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. விழுந்ததில் எவ்வளவு, தூக்கியதில் எவ்வளவு என்று இந்த வயதிலும் பங்கு பிரித்துப் பார்ப்பேன். பிரிபடாது.

அன்று பின்னேரம் அப்பா ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். நான் பின்னால் போனேன். ஆணிகளைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டார். துளைகளை மெழுகால் அடைத்து, மேலே மண் பூசித் தேய்த்தார். கெட்டவர் இல்லை என் அப்பா. அப்படி எழுதிவிட்டால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“பொலிசு வரும். என்னைக் கொண்டு போவாங்கள். கொம்மா, தம்பியாக்கள், வயல், எல்லாம் தெருவிலை” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நீ கேட்டதாலைதானே அடிச்சனான்?”

நான் தலையை ஆட்டினேன்.

கிழமை ஒன்று கழிந்து அதிகாரி விசாரணைக்கு வந்தார். பெரிய வாத்தியாரின் அறையில் மேசை போட்டு, சோடா வைத்திருந்தது. பெண்பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பாய விட்டதாக வாத்தியார் மேல் பெட்டிசம் போயிருந்தது. போட்டியன்று தன் பொறுப்பில் இல்லாமல் போனார் என்றும் அதே பெட்டிசத்தில் இருந்ததாம். யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் சரி என்று சொன்ன எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

வாத்தியார் சொன்னார்: “முளையிலை ஆணி அடிச்சிருந்தது, சேர். நான் கண்ணாலை கண்டனான்.”

அதிகாரி முளைகளை வாங்கிப் பார்த்தார். “ஆணி இல்லையே?”

“பிடுங்கிப்போட்டினம்.”

“ஆர்?”

அவர் அப்பாவின் பேரைச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னார். “இந்தப் பிள்ளைதான் கம்பத்தடியிலை நிண்டது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கேளுங்கோ.”

அறைக்குள் போனேன். அப்பா யன்னலோரம் நின்றார். அதிகாரியின் கைக்குட்டையில் ஓடிக்கொலோன் மணம். மேசை விளிம்பில் ஒரு எறும்பு போனது.

“பயப்பிடாதை, பிள்ளை. முளையிலை ஆணி இருந்ததோ?”

வாத்தியார் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணுக்கால் உயரக் கயிற்றைத் தாண்டச் சொன்னபோதும் அப்படித்தான் பார்த்தார். அவசரமில்லாமல்.

“நான் பாக்கேல்லை, சேர்.”

மாதம் முடிய முன்னமே வாத்தியாரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். சைக்கிளில் கயிற்றுச் சாக்கைக் கட்டிக்கொண்டு பரந்தனுக்குப் போனதை எங்கள் வேலிக்குள்ளால் பார்த்தேன். பிறகு எங்கே இருந்தார், என்ன ஆனார் என்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் குழியை மூடி மரவள்ளி நட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சிப் பாடத்தில் திரும்பவும் புல்லுப் பிடுங்கல். அந்த வருடத்தோடு நானும் நின்றேன். எட்டாம் வகுப்பு. வயிற்றுவலி என்று வீட்டில் சொன்னார்கள்.

அவளைப் பெரியாஸ்பத்திரியில் இருந்து இரண்டு மாதத்தால் குடிசைக்கே திருப்பி அனுப்பினார்கள். முதுகில் புண் வைத்து, அடுத்த காலபோக நெல் அறுவடை தொடங்க முன் போய்விட்டாள். அதற்கு முதல் ஒரே ஒரு நாள் நான் போனேன். அதையும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

மத்தியானம். அம்மாவுக்குத் தெரியாமல், மேட்டுக் காணியால் நடந்து போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆணி அடித்தது அப்பா, அடிக்கச் சொன்னது நான், அதிகாரியிடம் பொய் சொன்னதும் நான். வழியெல்லாம் அதைத்தான் பாடமாக்கினேன். முதலில் தாயிடம் சொல்வது, பிறகு இரண்டு பேருமாக அதிகாரியிடம் போவது, வாத்தியாரைத் திரும்பக் கூப்பிடுவது. அவ்வளவும் யோசித்து வைத்திருந்தேன்.

அவள் சாக்குக் கட்டிலில் கிடந்தாள். முகம் சிறுத்து, கண் மட்டும் பெரிதாக. குடிசைக்குள் புண்ணின் மணமும் வேப்பிலை மணமும். தாய் பனையோலை விசிறியால் புண்ணில் மொய்த்த இலையான் கலைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

“வாங்க பாப்பா. ஒக்காருங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். “தடி ஏன் விழுகல?” என்றாள். கோபமே இல்லை. அவளுக்கு அது விளங்காத கணக்கு என்றுதான் அந்த நேரம் எனக்குப் பட்டது. என்னை ‘நீ’ என்றும் சொல்லவில்லை, ‘நீங்க’ என்றும் சொல்லவில்லை.

நான் வாயைத் திறந்தேன். “ஆணி…” என்றேன்.

தாய் விசிறியைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்து வெளியே, கோழிக்கூட்டடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மெல்லிய குரலில் சொன்னார்.

“தெரியும் பாப்பா. மெசின் பெட்டியில போறப்பவே சொன்னா, விழுறப்ப பாத்தேன், ஆணி அடிச்சிருந்துச்சும்மான்னு. நாந்தான் வாயப் பொத்தினேன். இப்பவும் அப்பப்ப ஏதாச்சும் பொலம்புவா, ஒங்க காதுல விழுந்திருந்தா மனசுல வச்சுக்காதீங்க.”

“நான்…”

“ஒருக்கா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தாச்சு. இங்கேருந்து இவளத் தூக்கிக்கிட்டு எங்க போறது? இந்த எடம் ஐயா குடுத்தது.” என் கையை விடாமல் பிடித்திருந்தார். சொரசொரப்பான கை. “ஐயா பாத்துட்டு வரச் சொன்னாருங்களா? நாங்க யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டோம்னு சொல்லிருங்க. சாமி சத்தியமா. சொல்லிருவீங்களா?”

அப்பா அனுப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வசனம்தான். அதைச் சொன்னால் மற்றவற்றையும் சொல்ல வேண்டிவரும். உள்ளே இருந்து அவள் தாயைக் கூப்பிட்டாள்.

“சொல்லுறன்” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட இருந்தார். கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன், அந்தத் தாய் சொன்னபடியே.

அப்பா சோற்றுக் கோப்பையில் இருந்து கையை எடுத்தார். “உன்னை ஆர் அங்கை போகச் சொன்னது?”

நான் ஈரக் காலைச் சாக்கில் துடைத்தேன்.

அவர் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார். “அப்பிடியே சொன்னவையோ?”

“ஓம். சத்தியம் பண்ணினவா.”

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினார். அம்மா எனக்கும் கோப்பை வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மீனும். நான் இருந்து சாப்பிட்டேன். போட்டி நடந்த நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு நல்ல பசி. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.